ஐந்தில் ஒன்று மட்டும் பச்சை

அத்தியாயம் 9

“அடியில பொணம் இருக்கு மேடம். அதான் இது மட்டும் இப்படித் தளதளன்னு நிக்குது.”

சொன்னது நான்தான். சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். நல்லவேளை, எழில்மொழி காருக்குள்ளேயே இருந்தாள். மழைக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தாள்.

மலர்கொடி மேடம் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. குடையை என் கையில் திணித்துவிட்டு மரத்தடியில் குந்தினார்.

“சரி மணி. பொணம்தான் உரம்னா மத்த நாலு மரமும் ஏன் இப்படி இருக்கு? அதுக்கெல்லாம் எரு போடலையா?”

“போட்டிருப்பாங்க.”

“அப்ப உரம் இல்ல. வேற யோசி.”

வேறு யோசிக்க எனக்குத் தெம்பில்லை. ஐப்பசி அடைமழை, செருப்பெல்லாம் சேறு, காலையிலிருந்து ஒரு டீ இல்லை. நான் மணிவண்ணன். தஞ்சாவூர் கீழவாசலில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் எங்கள் துப்பறியும் நிறுவனத்தில் உதவியாளன், ஓட்டுநர், டீ வாங்குபவன் எல்லாம் நான்தான். மலர்கொடி மேடம் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு வருவதில் முக்கால்வாசி கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்னால் ஏதாவது உண்டா, இந்த வகை. நாலு வருஷம் இதையே செய்தால் மனசு மரத்துப்போகும். அழுகிறவர்களைப் பார்த்தால் கை தானாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டும், அவ்வளவுதான். வேறொன்றும் ஆகாது.

ஆனால் எழில்மொழிக்குத் தண்ணீர் பாட்டில் தேவைப்படவில்லை. மூன்று நாள் முன்பு மாடியேறி வந்தவள் அழவே இல்லை. திருக்காட்டுப்பள்ளியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. தலையில் அன்றைக்குப் பறித்த மல்லிகை. கணவன் அறிவுச்செல்வன் காணாமல்போய்ப் பதினாலு மாதம் ஆகிறது என்பதை, சர்க்கரை எவ்வளவு என்று படித்துச் சொல்கிற குரலில் சொன்னாள்.

அறிவுச்செல்வன் கொடைக்கானலில் மரக்கன்று ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றில் உதவியாளன். மாதம் ஒருமுறை ஊருக்கு வருவான். போன வருஷம் ஆவணியில் கொடைக்கானலிலிருந்து ராத்திரி பஸ் ஏறினான். விடியற்காலை நாலு மணி பத்து நிமிஷத்துக்குத் தஞ்சாவூர் பேருந்து நிலையத்திலிருந்து அவளுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினான். “எழிலு, தஞ்சாவூர் வந்துட்டேன். சார்ஜ் ரெண்டு பர்சன்ட்தான் இருக்கு, ஆஃப் ஆயிடும். ஒரு சின்ன வேலை இருக்கு, முடிச்சிட்டு ஏழு மணிக்கெல்லாம் வீட்ல இருப்பேன். காபி போட்டு வை.” அதோடு சரி. ஏழு மணி இன்னும் வரவில்லை.

போலீசும் தேடிப் பார்த்தது. அவன் தஞ்சாவூரைத் தாண்டி வந்ததற்கே அடையாளம் இல்லை. “சின்ன வேலை” என்றதைக் கேட்டதும் எல்லாரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். கொடைக்கானலில் அவனுக்கு ஒரு பெண் தொடர்பு இருந்தது, அவளோடு போய்விட்டான் என்று ஊரே பேசியது.

“செத்துட்டாரா இருக்காரான்னு கூட நான் கேக்கல மேடம்,” என்றாள் எங்களிடம். “என்னை விட்டுட்டுப் போனாரா இல்லையா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்.”

இந்த இடத்துக்கு நாங்கள் வந்ததற்குக் காரணம் இருந்தது. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், காவிரிக் கரையை ஒட்டி வாழைத்தோப்புக்கு நடுவில் ‘குட்டிக் கொடை’ என்று பெயர்ப் பலகை வைத்த பண்ணை வீடு. வெளியூர்க்காரர்கள் பணம் கொடுத்துத் தங்கிப்போகும் விடுதி. பெயருக்குப் பொருத்தமாக முதலாளி ஐந்து பைன் கன்றுகளை வரவழைத்து வரிசையாக நட்டிருந்தார். கொடைக்கானலிலிருந்து அவற்றை அனுப்பிவைத்தவன் அறிவுச்செல்வன். நட்டுவைத்தவர் எழில்மொழியின் அப்பா இளையபெருமாள். இந்தப் பண்ணையைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். அவன் கடைசியாக இந்த மண்ணுக்கு அனுப்பிய பொருள் இந்த ஐந்து மரம்தான் என்பதால் மேடம் இங்கிருந்து ஆரம்பித்தார்.

கேட்டுக்கு வெளியே நின்ற முதல் மரம் என் தோள் உயரம், அப்படியொரு பச்சை. கேட்டுக்கு உள்ளே நின்ற மற்ற நாலும் இடுப்பு உயரம்கூட இல்லை. மஞ்சள்காமாலை வந்தவர்கள்போல நின்றன.

“வாங்க வாங்க, நனையிறீங்களே!” பண்ணை வீட்டு வாசலிலிருந்து குரல் வந்தது. முதலாளி சிங்காரவேலு. வெள்ளை வேட்டி, கழுத்தில் சங்கிலி, கையில் ரெண்டு போன். சிங்கப்பூரில் இருபது வருஷம் கப்பல் பட்டறை வேலை பார்த்துவிட்டு வந்தவர். “காபி போடச் சொல்லட்டுமா?”

“சொல்லுங்க,” என்றேன் மேடத்துக்கு முந்தி.

தாழ்வாரத்தில் உட்கார்ந்ததும் மேடம் நேராகக் கேட்டார். “அறிவுச்செல்வன் அன்னிக்கு இங்க வந்தாரா?”

“வரவே இல்லீங்க. போலீஸ்லயும் இதைத்தான் சொன்னேன். வந்தா நம்ம பெருமாளு பாத்திருப்பாருல்ல? மருமகனாச்சே.” காபியை நீட்டினார். “நல்ல பையன். கன்னுக்குக் காசுகூட வாங்கல. பாவம், பொம்பள விஷயத்துல புத்தி கெட்டுப்போச்சு.”

“அந்த விஷயம் உங்களுக்கு யார் சொன்னா?”

“ஊரே சொல்லுதே!”

“அஞ்சு மரத்துக்கும் ஒரே கவனிப்புதானா?”

“ஒரே குழி அளவு, ஒரே எரு, ஒரே தண்ணி. எனக்குந்தான் புரியல. ஒண்ணு மட்டும் எந்த சாமி வரமோ, கிடுகிடுன்னு வளந்துச்சு.” சிங்காரவேலு பெருமூச்சு விட்டார். “எந்தப் பயிரும் இங்க விளங்கல மேடம். வாழையைப் பாருங்க, பாதி காட்டுப்பன்னி தோண்டிட்டு. கரையில புதர் மண்டிக் கிடக்குல்ல, அங்கேருந்து கூட்டமா வருது. கம்பி வாங்கிக் கொடுத்தேன், பெருமாளு வேலி போட்டாரு. திடீர்னு ஒருநாள் எல்லாத்தையும் கழட்டித் தூர எறிஞ்சிட்டாரு. கேட்டா, பாவம் மொதலாளின்னுறாரு. பன்னி மேல பாவம்! என் வாழை மேல பாவம் இல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. மேடத்துக்கு வரவில்லை. காபி டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனவர் குடிக்காமலே கீழே வைத்தார்.

“இந்த மரங்க நட்டப்போ எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா?”

இருந்தது. விடுதித் திறப்பு விழாவின்போது எடுத்தது. போன வருஷம் ஆடிப்பெருக்கு அன்றைக்கு. சிங்காரவேலு மாலையோடு நிற்கிறார், பின்னால் ஐந்து பைன் கன்றுகள். ஐந்தும் ஒரே உயரம், ஐந்தும் ஒரே மஞ்சள். மேடம் அந்தப் படத்தை ரெண்டு விரலால் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார்.

“ஆடி பதினெட்டுல அஞ்சும் நோஞ்சான்,” என்றார் என்னிடம். “ஆவணியில அறிவுச்செல்வன் காணோம். அதுக்கப்புறம் ஒண்ணு மட்டும் தேறியிருக்கு.”

“சாமி வரம்,” என்றேன்.

“சாமி கேட்டுக்கு வெளிய நிக்கிற மரத்துக்கு மட்டும் ஏன் வரம் கொடுத்துச்சு?”

இளையபெருமாள் வாய்க்காலில் மடை திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். தோளில் மண்வெட்டி, தலையில் துண்டு. எங்களைப் பார்த்ததும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். காரைப் பார்த்தார்.

“பாப்பா வந்துருக்கா?”

“கார்ல இருக்காங்க. மழையா இருக்குன்னு இறங்கல,” என்றார் மேடம். “பெரியவரே, இந்தக் கன்னையெல்லாம் எப்படி நட்டீங்கன்னு சொல்லுங்களேன். எங்க வீட்ல ஒண்ணு வைக்கணும்.”

அவருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. கையை நீட்டி நடித்தே காட்டினார்.

“கன்னு கறுப்புப் பாக்கெட்ல வந்துச்சுங்க. பாக்கெட்டைக் கிழிச்சேன். உள்ள என்னவோ கரி மாதிரி பொடி மண்ணு, வேரெல்லாம் வெள்ளை வெள்ளையா பூசணம் பூத்தாப்ல ஒட்டிக் கெடந்துச்சு. அடடா, வேர் அழுகிட்டுன்னு நெனச்சேன். நாத்து பறிச்சா என்ன பண்ணுவோம்? வேர்ச்சேத்தைத் தட்டி, தண்ணியில அலசி, கட்டுக் கட்டா முடி கட்டித்தானே நடுவோம்? அந்த மாதிரி வாய்க்கால்ல போட்டு நல்லா அலசி, பூசணமெல்லாம் போக உருவி, சுத்தமா நட்டேன்.”

“அஞ்சையுமா?”

“அஞ்சையுந்தான். நாத்துன்னா வேரை அலசாம நடுவாங்களா?”

நாற்பத்தைந்து வருஷம் நாற்று நட்ட கை. அதைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? எனக்கே சரியென்றுதான் பட்டது.

மேடம் மறுபடி பச்சை மரத்தடிக்குப் போனார். குச்சியால் ஊசி இலைகளை விலக்கினார். அடியில் நாலைந்து காளான். பழுப்புக் குடை, மேலே எண்ணெய் தடவினாற்போல் வழவழப்பு.

“அய்! காளான்!” ஒன்றைப் பிடுங்கினேன். “மிளகு போட்டு வதக்கினா…”

“திருப்பிப் பாரு.”

திருப்பினேன். வைக்கோல் காளானுக்கும் புற்றுக்காளானுக்கும் குடைக்கு அடியில் ஏடு ஏடாக இருக்கும், சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். இதில் ஏடே இல்லை. பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. இந்தப் பக்கத்தில் நான் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

“பெரியவரே, இது என்ன காளான்?”

இளையபெருமாள் எட்டிப் பார்த்தார். “தெரியலீங்க. இந்த மழைக்குத்தான் மொளைக்குது. தின்னுடாதீங்க, நம்ம ஊருக் காளான் இல்ல.”

“மத்த நாலு மரத்தடியில மொளைச்சிருக்கா?”

“இல்லீங்க. இங்க மட்டுந்தான்.”

மேடம் அந்தக் காளானைக் கைக்குட்டையில் வைத்து எடுத்துக்கொண்டு காருக்குப் போனார். கதவைத் திறந்து எழில்மொழியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு போனை எடுத்துப் பழைய குரல் பதிவுகளில் எதையோ தேடினாள்.

“கடைசிப் பதிவை மட்டுந்தான் போலீஸ் கேட்டாங்க,” என்றாள். “இது அதுக்குப் பத்து நாள் முன்ன வந்தது. வேலையைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாரு. நான் பாதி நேரம் முழுசாக்கூடக் கேக்கமாட்டேன்.”

போனிலிருந்து ஒரு சிரித்த குரல் வந்தது. மழையோடு மழையாக நாங்கள் மூன்று பேரும் கேட்டோம்.

“எழிலு, உங்கப்பா செஞ்ச வேலையைக் கேட்டியா? வேரைப் பூராக் கழுவிட்டாராம்! அது பூசணம் இல்லடி, காளானோட வேரு. அதுதான் மண்ணுலேருந்து பைனுக்குச் சாப்பாடு இழுத்துக் கொடுக்கும். அது இல்லாட்டி எவ்வளவு எரு போட்டாலும் மரம் மஞ்சளாத்தான் நிக்கும். ஆனா அந்தக் காளானுக்கு ஒரு வீம்பு இருக்கு, கேளு. பைன் வேர்ல மட்டுந்தான் சேரும். தென்னை, வாழை, தேக்கு, எது பக்கத்துல கொண்டுபோய் வச்சாலும் தொடாது. உங்க ஊரு மண்ணுல தேடினாலும் கெடைக்காது, ஏன்னா அங்க பைனே இல்ல. வேற வீட்டுல ஒரு வாய் சோறு திங்காது, பட்டினி கெடக்கும். என்னை மாதிரி. சரி, நான் வரும்போது பாத்துக்குறேன். மாமாகிட்ட ஒண்ணும் சொல்லாத, சங்கடப்படுவாரு.”

பதிவு முடிந்தது. எழில்மொழி போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

மேடம் விரலை மடக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. காய்கறிக் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். “உங்கப்பா அஞ்சையும் கழுவிட்டாரு. ஆடிப்பெருக்குல அஞ்சும் மஞ்சள். இந்தக் காளான் நம்ம ஊரு மண்ணுல கெடையாது. அப்புறம் எப்படி அந்த ஒரு மரத்துல வந்துச்சு? பைன் காட்டு மண்ணை யாரோ கொண்டுவந்து அதோட வேர்ல போட்டிருக்காங்க. இந்த ஊர்ல அப்படி ஒரு வைத்தியம் இருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆளு உங்க வீட்டுக்காரரு. சின்ன வேலைன்னு சொன்னது அதைத்தான். அவரு இங்க வந்திருக்காரு எழில்மொழி.”

எழில்மொழி தலையை ஆட்டினாள். “வந்திருக்காரு,” என்று திருப்பிச் சொன்னாள்.

எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. ரொம்ப நாளைக்கப்புறம்! விடுவிடுவென்று தாழ்வாரத்துக்குப் போனேன்.

“சிங்காரவேலு சார், வரவே இல்லைன்னு சொன்னீங்க. வந்திருக்காரு. ஏன் சார் பொய் சொன்னீங்க? மரமே சாட்சி சொல்லுது!”

மனிதர் பதறவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். “தம்பி, பெருமாளு வரலைன்னு சொன்னாரு, அதை நான் சொன்னேன். நான் எங்க பாத்தேன்? ஆவணி பூரா நான் சிங்கப்பூர்ல. மக சுவேதாவுக்குப் பிரசவம். பாஸ்போர்ட் கொண்டாரட்டுமா, முத்திரையைப் பாத்துக்குங்க.”

கொண்டுவந்தார், பார்த்தேன். ஆடி கடைசியில் போய்ப் புரட்டாசியில் திரும்பியிருக்கிறார். அறிவுச்செல்வன் காணாமல்போன அன்று அவர் கடல் தாண்டி இருந்திருக்கிறார்.

“அப்ப அந்த நேரத்துல பண்ணையில யாரு இருந்தா?” என்று கேட்டேன். கேட்டு முடிக்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

“பெருமாளு மட்டுந்தான்,” என்றார் சிங்காரவேலு.

நான் திரும்பி வந்தபோது மேடம் முதல் மரத்துக்கும் ரெண்டாவது மரத்துக்கும் நடுவில், கேட்டை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “பாஸ்போர்ட் காட்டினாரா?” என்று கேட்டார். போலீஸ் ஃபைலில் பார்த்திருக்கிறார், முன்னாலேயே தெரிந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது.

“என்னை ஏன் அனுப்பினீங்க?”

“நான் எங்க அனுப்பினேன்? நீயா ஓடினே.” தரையைக் காட்டினார். “இதைப் பாரு. அஞ்சு மரத்துக்கு மண்ணு கொண்டுவந்தவரு ஒண்ணுக்குப் போட்டிருக்காரு. ஏன் நிறுத்தினாரு? பத்தடி நடந்தா ரெண்டாவது மரம். அந்தப் பத்தடியில என்ன இருந்துச்சு?”

புல்லுக்குள் சவுக்குக் குச்சிகள் முழங்கால் உயரத்துக்கு வரிசையாக நின்றன. கேட்டை ஒட்டி ஆரம்பித்து நாலு மரத்தையும் வாழையையும் சுற்றிக்கொண்டு மோட்டார் கொட்டகை வரை போயின. ஒவ்வொரு குச்சியின் தலையிலும் சைக்கிள் டியூப் துண்டு சுற்றியிருந்தது. வெயிலில் வெடித்துப்போன பழைய ரப்பர்.

இளையபெருமாள் பின்னாலேயே வந்திருந்தார். “ஆடு கட்ட அடிச்சதுங்க,” என்றார் கேட்காமலே.

“அப்படியா,” என்றார் மேடம். மழை எப்போது விடும் என்று கேட்கிற குரலில் அடுத்ததைக் கேட்டார். “அப்பல்லாம் காலையில எத்தனை மணிக்கு சுவிட்சை அணைப்பீங்க பெரியவரே?”

“ஆறு மணிக்குங்க.”

சொல்லிவிட்டார். வாய்க்குப் பழகிய பதில், தானாக வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் அவர் கண் மேடத்தின் முகத்துக்குப் போனது. மண்வெட்டியைக் கீழே வைத்தார். விழாமல், சத்தமில்லாமல், பார்த்து வைத்தார்.

காரின் கதவு திறந்திருந்தது. எழில்மொழி எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். குடை இல்லை. தலையில் மல்லிகை நனைந்திருந்தது.

“அப்பா, அவரு வந்தாரா?”

அவர் மகளைப் பார்க்கவில்லை. அந்தக் குச்சிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “வந்தாரும்மா.”

“எத்தனை மணிக்கு?”

“அஞ்சரை இருக்கும். இருட்டு முழுசா விலகல. தொப்புனு சத்தம் கேட்டுச்சு. பன்னி மாட்டிக்கிச்சுன்னு அருவாளோட ஓடியாந்தேன்.” குனிந்து ஒரு குச்சியின் ரப்பரைத் தொட்டார். “மோட்டார் லைன்லேருந்து கம்பிக்குக் கரண்டு இழுத்திருந்தேன்மா. பன்னிக்கு. வெளி மரத்துக்கு மண்ணைப் போட்டுட்டு உள்ள வரக் காலை வச்சிருக்காரு. சுவிட்சை அணைச்சிட்டுத் தூக்கினேன். கை நெறைய மண்ணு. இறுக்கிப் புடிச்ச புடி, விரலைப் பிரிக்க முடியல.”

நான் எழில்மொழியைப் பார்த்தேன். விழுந்துவிடுவாள், கத்துவாள், அப்பனின் சட்டையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். அவளைப் பிடித்துக்கொள்ள வசதியாக ஓரடி அவள் பக்கம்கூட நகர்ந்தேன்.

“அப்ப என்னை விட்டுட்டுப் போகல,” என்றாள்.

“இல்லம்மா.”

“வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தாரு.”

“ஆமாம்மா.”

“கொடைக்கானல்ல ஒரு பொண்ணு இருக்குன்னு சொன்னது?”

இளையபெருமாள் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “நான்தான். டீக்கடையில மொதல்ல நான்தான் சொன்னேன். அப்புறம் அதுவா பரவிருச்சு.” ரெண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். “செத்துட்டாருன்னா பொட்டையும் பூவையும் பறிச்சிருவாளுவ. ஒரு நல்ல காரியத்துக்கு உன்னை முன்ன நிக்க விடமாட்டாளுவ. ஓடிட்டாருன்னா என்னிக்காவது வருவாருன்னு நீ பூ வச்சுக்கிட்டு இருக்கலாம். அதுவுமில்லாம, நான் இழுத்த கம்பியிலதான்னு உங்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்? ஜெயிலுக்குப் பயந்து இல்லம்மா. உன் மூஞ்சிக்குப் பயந்துதான்.”

எழில்மொழி தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பூவைத் தொட்டாள்.

“தெனமும் நீதானேப்பா வாங்கிக் கொடுத்தே,” என்றாள். “பதினாலு மாசம். நான் வேண்டாம்னு சொல்லச் சொல்ல.”

இப்போது அவர்தான் அழுதார். அவள் இல்லை.

மேடம் போனை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். காவல் நிலையத்துக்குச் சொல்லியாக வேண்டும். எழில்மொழி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“ஒரு நிமிஷம் மேடம். அப்பா, எங்க வச்சிருக்கே?”

அவர் வடக்கு வரப்பின் ஓரத்தைக் காட்டினார். அங்கே ஒரு கல், கல்லின்மேல் கற்பூரம் எரிந்த கரி. அவள் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், போகவில்லை.

“அவரு கொண்டாந்த மண்ணு?”

“மூட்டையோட கொட்டகையில இருக்கு. தூக்கியெறிய மனசு வரல.”

அவளே போய் எடுத்துவந்தாள். சின்னச் சாக்கு, வாயை அவிழ்த்தபடியே கிடந்திருக்கிறது. உள்ளே கறுத்த பொடி மண்ணும் மக்கின ஊசி இலைகளும். பதினாலு மாதம் காய்ந்துகிடந்த மண்ணில் இனிமேல் உயிர் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. அவளும் கேட்கவில்லை. ரெண்டாவது மரத்தடியில் குந்தி வேரைக் கையால் கிளறினாள். ஒரு கை மண் அள்ளிப் போட்டாள், மூடினாள். இன்னொரு கை.

மூன்றாவது மரத்துக்குப் போகும்போது திரும்பிப் பார்த்து, “தண்ணி ஊத்துப்பா,” என்றாள்.

இளையபெருமாள் எழுந்தார். வாய்க்காலில் குடத்தை முக்கி எடுத்துவந்து அவள் பின்னாலேயே ஊற்றிக்கொண்டு வந்தார். மழை பெய்துகொண்டுதான் இருந்தது, தண்ணீர் தேவையே இல்லை. யாரும் அதைச் சொல்லவில்லை. சிங்காரவேலு தாழ்வாரத்திலிருந்து இறங்கி வந்து, என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்டார். சும்மா இருங்க என்றேன். இருந்தார்.

ஐந்தாவது மரத்தில் சாக்கைக் கவிழ்த்துத் தட்டினாள். மேடம் அதுவரை காத்திருந்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போன் போட்டார். இடம், பெயர், விஷயம், மூன்று வாக்கியத்தில் முடித்தார்.

எழில்மொழி எழுந்தாள். முழங்கை வரை கறுப்பு மண். தலையிலிருந்த பூவை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தாள். “அங்க கொண்டுபோய் வை,” என்று வரப்பைக் காட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு பழக்க தோஷத்தில் அவள் கையைப் பார்த்துச் சொன்னார்.

“சேறா இருக்கு பாரு. வாய்க்கால்ல கையை அலசிக்கம்மா.”

அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அலச வேண்டாம்ப்பா,” என்றாள். “இருக்கட்டும்.”

அந்தக் கையோடேயே போய்க் காரில் உட்கார்ந்தாள். நான் கதவைச் சாத்தினேன்.